குவாண்டம் காப்புள்ள இணையத் தொடர்பு: ஆறு நகரங்கள் சேர்ந்து நடத்திய ஹேக்கத்தான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 நவம்பர் 5, 6 ஆகிய இரு நாள்களில் டெல்ஃப்ட், டப்ளின், ஜெனீவா, படுவா, பாரிஸ், சரயேவோ ஆகிய ஆறு ஐரோப்பிய நகரங்களில் ஒரே நேரத்தில் ஒரு ஹேக்கத்தான், அதாவது நிரலர்கள் கூடி ஓரிரு நாளில் நிரல் எழுதிப் பார்க்கும் கூட்டு முயற்சி, நடந்தது. குவாண்டம் இயற்பியலைக் கொண்டு இணையத் தொடர்பைக் காப்பதற்கான மென்பொருளை எழுதிப் பார்ப்பதே அதன் நோக்கம். அதைப் பற்றியும், அதில் கையாளப்பட்ட நுட்பத்தைப் பற்றியும் மாணவர்களும் நெட்வொர்க் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

இந்த ஹேக்கத்தானில் என்ன செய்தார்கள்?

ஒவ்வொரு நகரத்திலும் ஓர் அரங்கில் நிரலர்களும் இயற்பியலாளர்களும் கூடினார்கள். ஜெனீவாவில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமே இடம் தந்தது. பங்கேற்றவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, முன்வைக்கப்பட்ட சவால்களில் ஒன்றையோ தாங்களே கொண்டுவந்த யோசனையையோ எடுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். முன்வைக்கப்பட்ட சவால்களில் நம் கவனத்துக்கு மிகவும் உரியது, உலகின் பெரும்பாலான செர்வர்கள் நம்பியிருக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற திறமூல நூலகத்துக்குள் குவாண்டம் சாவிப் பகிர்வைச் சேர்ப்பது. அதாவது, சாதாரண பிரௌசர் ஒன்று சாதாரண செர்வர் ஒன்றுடன் பேசும்போது, அந்த உரையாடலைப் பூட்டும் சாவி மட்டும் குவாண்டம் வழியில் உருவாகியிருக்க வேண்டும். மற்ற எதுவும் மாறக்கூடாது. கேட்பதற்குச் சிறிய வேலையாகத் தோன்றும் இது எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

இதன் பின்னால் இருந்தவர்கள் யார்? இணைய முகவரிப் பதிவகம் ஒன்றுக்கு இதில் என்ன வேலை?

ஐரோப்பா, மேற்காசியா, மத்திய ஆசியாவின் சில பகுதிகள் ஆகியவற்றுக்கு ஐ.பி. முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் ரைப் என்.சி.சி. என்ற பதிவகமும், டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த க்யூடெக் ஆய்வு நிறுவனமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் இயங்கும் குவாண்டம் இணையக் கூட்டணியும் இதில் கைகோத்தன. இதற்கு ஓராண்டு முன்பு, 2018 அக்டோபரில், ஆம்ஸ்டர்டாமில் ரைப் சமூகத்தின் கூட்டத்தையொட்டி இதே பொருளில் ஒரு ஹேக்கத்தான் நடந்திருந்தது.

முகவரிப் பதிவகம் இதில் நுழைந்தது பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன். ரைப் கூட்டங்களுக்கு வருபவர்கள் கேபிளையும் ரௌட்டரையும் நாள்தோறும் கையாள்பவர்கள். ஒரு நெறிமுறை தாளில் சரியாக இருந்தும் ஊரெங்கும் பரவாமல் போனதன் காரணங்களை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். குவாண்டம் இணையம் ஆய்வுக்கூடத்திலிருந்து தெருவுக்கு வரும் நாளில் அதை இயக்கப்போகிறவர்களும் அவர்கள்தான். அந்த நாள் வந்த பிறகு அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, வடிவமைக்கும்போதே அவர்களை உட்கார வைப்பது நல்லது.

இப்போதுள்ள இணையப் பாதுகாப்பில் என்ன குறை?

இன்றைக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. கவலை நாளையைப் பற்றியது. முன்பின் சந்தித்திராத இரு கணினிகள், எல்லாரும் கேட்கக்கூடிய ஒரு தடத்தில் பேசியே ஒரு மறைச்சாவியை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் காட்டினார்கள். வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போது நிகழ்வது அந்த உத்தியின் வழித்தோன்றல்தான். சில கணக்குகளை ஒரு திசையில் போடுவது எளிது, திருப்பிப் போடுவது மிகக் கடினம் என்பதே அதன் ஆதாரம். ஆனால் போதிய அளவும் நம்பகத்தன்மையும் கொண்ட குவாண்டம் கணினி இருந்தால் அந்தக் கடினமான கணக்கை விரைவாகப் போட்டுவிடலாம் என்று 1994-இல் பீட்டர் ஷோர் நிறுவினார்.

அப்படிப்பட்ட கணினி இன்னும் இல்லை. இருந்தும் காத்திருக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. இன்று கேபிளில் ஓடும் மறையாக்கப்பட்ட தரவை ஒருவர் அப்படியே பதிவு செய்து வைத்துக்கொண்டு, பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திறந்து படிக்கலாம். ஒருவருடைய மருத்துவப் பதிவும் மரபணுத் தகவலும் பதினைந்து ஆண்டில் பழசாகிவிடுவதில்லை.

குவாண்டம் சாவிப் பகிர்வு உண்மையில் எப்படி நடக்கிறது?

இதன் மூல நெறிமுறை பி.பி.84. சார்ல்ஸ் பென்னட், கில் பிராசார் என்ற இருவரின் பெயர்களும் ஆண்டும் சேர்ந்த பெயர் இது. அவர்கள் அதை 1984 டிசம்பரில் பெங்களூருவில் நடந்த ஒரு பன்னாட்டு மாநாட்டில் முன்வைத்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

துறை நூல்கள் ஆலிஸ், பாப் என்று எழுதும். நாம் கயல், மாறன் என்று வைத்துக்கொள்வோம். கயல் ஒவ்வொரு பிட்டையும் ஒரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) முனைவாக்கத்தில், அதாவது ஒளி அதிரும் திசையில், ஏற்றி அனுப்புகிறாள். அதற்கு இரண்டு முறைகள் உண்டு: நிமிர்ந்த முறை (+), சாய்ந்த முறை (×). நிமிர்ந்த முறையில் கிடைக்கோடு 0, செங்கோடு 1; சாய்ந்த முறையில் ஒரு மூலைவிட்டம் 0, மற்றது 1. எந்த முறையில் அனுப்புவது என்பதை ஒவ்வொரு முறையும் அவள் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறாள். மாறனும் தன் பக்கத்தில் குலுக்கல் போட்டு ஒரு முறையைத் தேர்ந்து அளக்கிறான். அனுப்பிய முறையும் அளந்த முறையும் ஒன்றானால் சரியான பிட் கிடைக்கும். வேறுபட்டால் கிடைப்பது வெறும் நாணயச் சுண்டல். பாதி நேரம் 0, பாதி நேரம் 1.

எட்டு ஃபோட்டான்களை மட்டும் கிட்ட வைத்துப் பார்ப்போம். கயலின் பிட்டுகள் 1 0 1 1 0 0 1 0. அவள் தேர்ந்த முறைகள் + × × + + × + ×. மாறன் தேர்ந்தவை + + × × + × × ×. அனுப்பி முடித்த பிறகு இருவரும் சாதாரணத் தொலைபேசியில் முறைகளை மட்டும் ஒப்பிடுகிறார்கள். பிட்டுகளை வாயால் சொல்வதில்லை. 1, 3, 5, 6, 8 ஆகிய இடங்களில் முறைகள் ஒத்திருக்கின்றன. ஆகவே இருவரிடமும் எஞ்சுவது 1 1 0 0 0. மற்ற மூன்றையும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எட்டில் ஐந்து கிடைத்தது அதிர்ஷ்டம். சராசரியாகப் பாதிதான் தேறும்.

இனி, நடுவில் ஒருவர் ஒட்டுக்கேட்கிறார் என்று கொள்வோம். தெரியாத ஒரு குவாண்டம் நிலையை அப்படியே நகலெடுக்க முடியாது என்பது 1982-இல் நிறுவப்பட்ட தேற்றம். எனவே அவர் ஃபோட்டானைப் பிடித்து அளந்து, தனக்குக் கிடைத்த விடையை வைத்துப் புதிதாக ஒன்றை அனுப்பியாக வேண்டும். பாதி நேரம் அவர் தேர்ந்த முறை தவறாக இருக்கும். அப்போது மாறனுக்குக் கிடைக்கும் பிட் பாதிக்குப் பாதி தவறும். இரண்டையும் பெருக்கினால், எஞ்சிய சாவியில் நான்கில் ஒரு பிட் கெட்டுப்போயிருக்கும். கயலும் மாறனும் சாவியிலிருந்து 50 பிட்டுகளை எடுத்து வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு ஃபோட்டானையும் இப்படி அளந்த ஒருவர் அகப்படாமல் தப்பும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு.

பிழை என்பது ஒட்டுக்கேட்பவர் இல்லாமலேயும் வருமே?

வரும். கண்ணாடியிழையும் உணர்கருவியும் குறையற்றவை அல்ல. இருட்டில்கூடச் சில கருவிகள் ஃபோட்டான் வந்ததாகச் சொல்லும். எது கருவியின் பிழை, எது திருடனின் தடம் என்று பிரித்தறிய வழியில்லாததால், எல்லாப் பிழையையும் திருடன் கணக்கிலேயே எழுதிவிடுவது இத்துறையின் வழக்கம். பி.பி.84-இல் பிழை விகிதம் சுமார் 11 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சுற்றையே கைவிட்டுவிடுவார்கள்.

அதற்குக் குறைவாக இருந்தால் பிழைகளைத் திருத்த வேண்டும். 1993-இல் பிராசாரும் சல்வாய்லும் வெளியிட்ட கேஸ்கேட் என்ற முறை இதற்குப் பெயர்போனது, ஹேக்கத்தானுக்கும் மிகவும் ஏற்றது. காரணம், இதற்குக் குவாண்டம் கருவி எதுவுமே வேண்டாம். முழுக்க முழுக்கச் சாதாரண நிரல். சாவியைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் உள்ள 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் இருவரும் ஒப்பிடுகிறார்கள். பொருந்தாத துண்டை இரண்டாகப் பிளந்து மீண்டும் கேட்கிறார்கள். எட்டு பிட் துண்டென்றால் மேலும் மூன்று கேள்விகளில் தவறான பிட் அகப்பட்டுவிடும். ஒரே துண்டில் இரண்டு பிழைகள் இருந்தால் ஒற்றை இரட்டை மாறாது, பிழை ஒளிந்துகொள்ளும். எனவே பிட்டுகளைக் கலைத்துப் போட்டு மறு சுற்று நடத்துகிறார்கள். புதிய சுற்றில் ஒரு பிழை அகப்பட்டதும், அந்தப் பிட் இருந்த பழைய துண்டுகளின் கணக்கும் மாறுகிறது. அங்கே ஒளிந்திருந்த இன்னொன்று வெளிப்படுகிறது. அருவி படிப்படியாக விழுவதுபோல் ஒரு திருத்தம் அடுத்த திருத்தத்துக்கு வழிவிடுவதால்தான் அந்தப் பெயர்.

இப்படி வெளிப்படையாகப் பேசிய ஒவ்வொரு ஒற்றை இரட்டை விடையும் திருடனுக்குக் கிடைத்த ஒரு பிட் தகவல். அவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய அளவைக் கணக்கிட்டு, அதற்கேற்பச் சாவியைச் சுருக்கிப் பிழிந்து, அவர் அறிந்தது பயன்படாமல் போகும்படி செய்வது கடைசிப் படி. நிரல் எழுதத் தொடங்குபவர்கள் அவசரத்தில் விட்டுவிடும் படியும் இதுவே. இதை விட்டுவிட்டால் சாவி சரியாக இருக்கும், ஆனால் மறைவாக இருக்காது.

அரங்கில் ஃபோட்டான் கருவிகள் இருந்தனவா?

தேவைப்படவில்லை. டெல்ஃப்டில் உருவாகி 2018-இல் வெளியான சிமுலாக்ரான் என்ற மென்பொருள், குவாண்டம் கணினிகளால் ஆன ஒரு வலையமைப்பைச் சாதாரண மடிக்கணினிகளில் பாவனை செய்து காட்டுகிறது. உங்கள் மடிக்கணினி கயலாகவும் அடுத்த மேசையிலுள்ளது மாறனாகவும் இயங்கலாம். இரண்டு க்யூபிட்டுகள் (குவாண்டம் பிட்டுகள்) பின்னிக்கொள்ளும்போது, அதாவது ஒன்றின் நிலையை மற்றதை விட்டுத் தனியே சொல்ல முடியாதபடி பிணையும்போது, மென்பொருள் அவற்றை ஓசையில்லாமல் ஒரே கணினியின் நினைவகத்துக்கு நகர்த்திக் கணக்குப் போட்டுவிடுகிறது. எழுதும் நிரலருக்கோ க்யூபிட் தன்னிடமே இருப்பதுபோல் தெரியும்.

இதில் இருவேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாவனையில் உருவாகும் சாவிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. க்யூபிட்டின் நிலை வெறும் எண்களாகச் சாதாரண இணையத் தடத்திலேயே போகிறது. பயன் என்னவென்றால், நாளை உண்மைக் கருவி வரும்போது மேலே ஓடும் பயன்பாட்டு நிரலின் தர்க்கம் தயாராக இருக்கும். கருவிகளின் துல்லியமான காலமும் இரைச்சலும் முக்கியம் என்றால் அதற்கு நெட்ஸ்குவிட் போன்ற வேறு பாவனை மென்பொருள்கள் இருக்கின்றன.

ஓப்பன் எஸ்.எஸ்.எல்.-இல் இதை எப்படிச் சேர்ப்பது? அதுதானே முக்கியச் சவால்?

ஆம். இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். குவாண்டம் தரப்பும் இணையத் தரப்பும் உண்மையில் உரசிக்கொள்ளும் இடம் இதுதான்.

இணையத் தொடர்பைப் பூட்டும் டி.எல்.எஸ். நெறிமுறையில் பிரௌசரும் செர்வரும் பேசத் தொடங்கும்போது ஹேண்ட்ஷேக் என்ற தொடக்கச் சடங்கு நடக்கிறது. அதில் டிஃபி-ஹெல்மன் முறைப்படி இரு பக்கமும் ஆளுக்கொரு பொது எண்ணை அனுப்பி, அவற்றிலிருந்து ஒரே மறைச்சாவியைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. நூலகத்தின் உள்ளே இதற்கு இரண்டு வேலைகள் தனித்தனியாக உண்டு: ஒன்று பொது எண்ணை உருவாக்குவது, மற்றது எதிர்ப்பக்கத்தின் பொது எண்ணைப் பெற்று மறைச்சாவியைக் கணக்கிடுவது. ஹேக்கத்தான் நடந்தபோதிருந்த பதிப்புகளில், எஞ்சின் என்ற ஏற்பாட்டின் மூலம் இந்த இரண்டு வேலைகளுக்கும் நம் சொந்த நிரலைச் செருகலாம். மூல நூலகத்தைத் தொட வேண்டியதில்லை.

குவாண்டம் கருவிகளோ வேறு விதமாகப் பேசுகின்றன. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்சி வகுத்த இடைமுகங்களின்படி, இரு ஊர்களிலும் உள்ள கருவிகள் பின்னணியில் சாவிகளை உருவாக்கிச் சேமித்துக்கொண்டே இருக்கும். சாவிக்கு ஓர் அடையாள எண் இருக்கும். ஒரு பக்கம் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு அதன் எண்ணை மறுபக்கத்துக்குச் சொன்னால், மறுபக்கம் தன் கருவியிடம் அதே எண்ணைக் காட்டி அதே சாவியைப் பெறும். சாவி இணையத்தில் பயணிப்பதில்லை, எண் மட்டுமே பயணிக்கிறது.

இந்த இரண்டையும் இணைக்கும் வழி எளிமையும் அழகும் கொண்டது. டி.எல்.எஸ். 1.2 பதிப்பில் செர்வர்தான் முதலில் தன் பொது எண்ணை அனுப்பும். செர்வர் பக்கத்து எஞ்சின், பொது எண்ணை உருவாக்கு என்று கேட்கப்பட்டவுடன், குவாண்டம் கருவியிடமிருந்து ஒரு சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் அடையாள எண்ணையே பொது எண்ணாகக் கொடுத்துவிடும். மறுபக்கத்து எஞ்சின் அந்த எண்ணைப் பெற்று, மறைச்சாவியைக் கணக்கிடு என்று கேட்கப்படும்போது, கணக்கு எதுவும் போடாமல் தன் கருவியிடம் எண்ணைக் கொடுத்துச் சாவியை வாங்கித் தரும். தன் பங்குக்கு அது அனுப்பும் பொது எண் வெறும் இடம் நிரப்பி. நடுவிலிருந்து பார்ப்பவருக்கு வழக்கமான டிஃபி-ஹெல்மன் நடப்பதுபோலவே இருக்கும்.

செய்து பார்க்கும்போது சின்னச் சின்ன முட்கள் குத்தும். பொது எண்ணை உருவாக்கும் நிரலுக்குத் தான் இருப்பது செர்வரிலா கிளையண்ட்டிலா என்று தெரியாது. எனவே இரண்டுக்கும் இரண்டு எஞ்சின்கள் எழுத வேண்டியிருக்கும். 0, 1 போன்ற எண்களைப் பொது எண்ணாக ஏற்க நூலகம் மறுத்துவிடும். அடையாள எண்களை 1-இலிருந்து தொடங்கினால் முதல் ஹேண்ட்ஷேக்கே முறிந்துபோகும், காரணமும் எளிதில் விளங்காது. குவாண்டம் கருவி சாவியைத் தயாரிக்கும் வேகம் குறைவாக இருந்தால், நிரல் காத்திருக்க வேண்டுமா, கைவிட வேண்டுமா என்ற கேள்வி எழும். பழைய முறைக்கு ஓசையில்லாமல் திரும்பிவிடுவது எல்லாவற்றிலும் மோசமான விடை என்பது என் கருத்து. பூட்டு மாறியதே தெரியாமல் பயனர் நம்பிக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. எட்சியின் 2019-ஆம் ஆண்டு இடைமுகங்களில் ஒன்று, குவாண்டம் கருவியிலிருந்து சாவியைச் செர்வருக்குக் கொண்டுசெல்ல, டி.எல்.எஸ். மேல் ஓடும் ஹெச்.டி.டி.பி.எஸ். வழியையே பயன்படுத்துகிறது. எதை மாற்ற வந்தோமோ அதன் மேலேயே சாய்ந்து நிற்கிறோமே என்று கேட்கலாம். கருவியும் செர்வரும் ஒரே காவலுள்ள வளாகத்தில் இருக்க வேண்டும் என்பதே அதற்கான நிபந்தனை. அந்த நிபந்தனையை மறந்தால் முழு ஏற்பாடும் வலுவிழந்துவிடும்.

அப்படியானால் இது எவராலும் உடைக்க முடியாத இணையமா?

அப்படி விளம்பரப்படுத்துவதை நான் ஏற்பதில்லை. கணிதத்தில் நிறுவப்பட்டது நெறிமுறை; கடையில் வாங்குவது கருவி. 2010-இல், சந்தையில் விற்பனையில் இருந்த குவாண்டம் சாவிக் கருவிகளின் உணர்கருவிகள் மீது வலுவான ஒளியைப் பாய்ச்சி, அவற்றைத் தங்கள் விருப்பப்படி ஆட்டிவைத்து, பிழை விகிதம் கூடாமலேயே சாவியை எடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். உற்பத்தியாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் வெளியிட்டார்கள். அதன் பின் தற்காப்புகள் வந்தன, புதிய நெறிமுறைகளும் வந்தன.

இன்னொரு கேள்வி அடிப்படையானது. மாறனுடன்தான் பேசுகிறோம் என்று கயலுக்கு எப்படித் தெரியும்? முறைகளை ஒப்பிடும் அந்தத் தொலைபேசி உரையாடலில் ஆள்மாறாட்டம் நடந்தால் ஃபோட்டான்களால் காப்பாற்ற முடியாது. அதற்கு முன்பே பகிர்ந்த ஒரு சிறிய ரகசியமோ மின்னணுக் கையொப்பமோ வேண்டும். இதில் ஓர் ஆறுதல், கையொப்பத்தைப் பதிவு செய்து வைத்துப் பதினைந்தாண்டு கழித்து உடைப்பதால் பழைய சாவி கிடைக்காது. உரையாடல் நடக்கும் நேரத்திலேயே உடைத்தாக வேண்டும்.

தொலைவு கூடினால் என்ன சிக்கல்?

நல்ல கண்ணாடியிழையில்கூட ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் வீதம் மங்கும். 50 கிலோமீட்டரில் பத்தில் ஒரு ஃபோட்டான் போய்ச் சேரும். 100 கிலோமீட்டரில் நூறில் ஒன்று. 500 கிலோமீட்டரில் ஆயிரம் கோடியில் ஒன்று. வினாடிக்கு நூறு கோடி அனுப்பினாலும் பத்து வினாடிக்கு ஒன்றுதான் தேறும். வழக்கமான இணையத்தில் நடுவழியில் ஒளியைப் பெருக்கிக்கொள்கிறோம். இங்கே நகலெடுக்க முடியாது என்பதே காவலாக இருப்பதால், பெருக்கவும் முடியாது.

இப்போது நடைமுறையில் உள்ள தீர்வு, நடுநடுவே நம்பகமான நிலையங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் சாவியைத் திறந்து மீண்டும் பூட்டி அனுப்புவது. 2017-இல் திறக்கப்பட்ட, சுமார் 2000 கிலோமீட்டர் நீளமுள்ள பெய்ஜிங்-ஷாங்காய் தடத்தில் இப்படி 32 நிலையங்கள் உள்ளன. அத்தனை அறைகளுக்கும் காவல் வேண்டும். இரு முனைகளும் நடுவில் ஒரு நிலையத்துக்கு அனுப்பும் இரட்டைப் புல முறையில், 2023-இல் 1002 கிலோமீட்டர் இழையில் சாவிப் பகிர்வு நடத்திக் காட்டப்பட்டது. வேகம் மிகமிகக் குறைவு. உண்மையான விடை, குவாண்டம் பின்னலைக் கொண்டு, நடுவில் சாவியைத் திறக்காமலேயே தொலைவை நீட்டும் ரிப்பீட்டர். டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2021-இல் மூன்று கணுக்கள் கொண்ட வலையமைப்பையும், 2022-இல் அதில் நேரடி இணைப்பில்லாத இரு கணுக்களுக்கிடையே குவாண்டம் நிலையின் தொலைப்பெயர்ப்பையும் (அதை ஏந்திய துகள் பயணிக்காமலேயே நிலையை மறுமுனையில் தோன்றச் செய்வதையும்) நிகழ்த்தியது அந்தத் திசையில் வைத்த அடிகள்.

குவாண்டம் கணினிக்கும் அசையாத புதிய மறையாக்க முறைகள் வந்துவிட்டனவே. பிறகு இது எதற்கு?

நியாயமான கேள்வி. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் அத்தகைய மூன்று தரங்களை இறுதி செய்தது. அவற்றுக்கு மென்பொருளைப் புதுப்பித்தால் போதும், புதிய கேபிளும் கருவியும் தேவையில்லை. பெரிய பிரௌசர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றின் இணையப் பாதுகாப்பு அமைப்புகள் குவாண்டம் சாவிப் பகிர்வைவிட இவற்றையே பரிந்துரைக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் செர்வரைக் காக்க இந்த ஆண்டு என்ன செய்வது என்று கேட்டால், நானும் தயக்கமின்றி அதையே சொல்வேன்.

ஆனால் அந்தத் தரங்களும் ஒரு கணக்கு கடினமானது என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. குவாண்டம் சாவி நிற்பது இயற்கை விதியின் மேல். இரண்டையும் சேர்த்துப் பின்னி ஒரே சாவியாக்கினால், ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். அதோடு, குவாண்டம் இணையத்தின் பயன் சாவியோடு முடிவதில்லை.

சாவியைத் தவிர வேறு எதை உருவாக்கலாம்?

ஒரு சிறிய விளையாட்டைச் சொல்கிறேன், நிரலாக எழுதிப் பார்க்கவும் ஏற்றது. கயலுக்கும் மாறனுக்கும் தனித்தனியே 0 அல்லது 1 கொடுக்கப்படும். பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு 0 அல்லது 1-ஐ விடையாகத் தர வேண்டும். இருவருக்கும் 1 கிடைத்திருந்தால் விடைகள் வேறுபட வேண்டும். மற்ற எல்லா நேரங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டி எப்படிப் பேசிவைத்தாலும் சராசரியாக 75 சதவீதத்துக்கு மேல் வெல்ல முடியாது. ஆளுக்கொரு பின்னிய க்யூபிட் வைத்திருந்தால் சுமார் 85 சதவீதம் வெல்லலாம். பின்னல் என்பது சொல்லலங்காரம் அல்ல, எண்ணிப் பார்க்கக்கூடிய வளம் என்பது இதைத் திரையில் ஓடவிட்டுப் பார்க்கும்போது உறைக்கும். இதையே அடிப்படையாக வைத்து, கருவியை நம்பாமலேயே சாவியைச் சரிபார்க்கும் முறைகளும் எழுந்துள்ளன. என்ன கணக்குப் போடுகிறோம் என்பதைத் தொலைவிலுள்ள குவாண்டம் கணினிக்கே காட்டாமல் வேலை வாங்குவது, கடிகாரங்களை ஒத்திசைப்பது, தொலைநோக்கிகளை இணைப்பது ஆகியவையும் ஆய்வில் உள்ளன.

இயற்பியல் படிக்காதவர் கலந்துகொள்ளலாமா?

தாராளமாகக் கலந்துகொள்ளலாம். மேலே பார்த்த வேலைகளை எண்ணிப் பாருங்கள். பி.பி.84-க்கு வேண்டியது பள்ளிக்கூட நிகழ்தகவு. கேஸ்கேடுக்கு வேண்டியது ஒழுங்கான நிரலாக்கம். எஞ்சின் எழுத சி மொழியும் டி.எல்.எஸ். அறிவும் பொறுமையும் வேண்டும். பைத்தான் தெரிந்தால் சிமுலாக்ரானில் உடனே இறங்கலாம். ஒரு குழுவில் இயற்பியலாளர் ஒருவர், நெட்வொர்க் அனுபவமுள்ளவர் ஒருவர், ஆவணம் எழுதுவதில் அக்கறையுள்ளவர் ஒருவர் இருப்பது எல்லாரும் ஒரே துறையினராக இருப்பதைவிட மேல்.

ஒரே நகரத்தில் நடத்தாமல் ஆறு நகரங்களில் நடத்தியது ஏன்?

வலையமைப்பைப் பற்றிய வேலையை வலையமைப்பாகவே செய்து பார்ப்பது இயல்பானது. ஒரே அறையில் ஓடும் நிரலில் தாமதமும் இணைப்பறுதலும் தலைகாட்டுவதில்லை. பாரிஸிலும் சரயேவோவிலும் இரு முனைகள் இருந்தால் முதல் மணி நேரத்திலேயே தலைகாட்டும். பயணச் செலவு தாங்க முடியாத மாணவரும் அருகிலுள்ள நகரத்துக்கு வந்துவிடலாம் என்பதும் சிறிய காரணம் அல்ல.

இரண்டு நாளில் எழுதிய நிரலால் நிலையான பயன் உண்டா?

நிரல் பழசாகும். 2021-இல் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். 3.0 பதிப்பு, எஞ்சின் ஏற்பாட்டையே கைவிடப்படவுள்ளதாக அறிவித்து, புரொவைடர் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆனால் எந்த இடத்தில் இடைமுகம் பொருந்தவில்லை என்று கண்டறிந்த அறிவு பழசாவதில்லை. இணையத்தின் ஆய்வுப் பணிக்குழுவில் குவாண்டம் இணையத்துக்கென ஒரு குழு இயங்குகிறது. அதன் உழைப்பில் 2023 மார்ச்சில் குவாண்டம் இணையத்தின் கட்டமைப்புக் கொள்கைகளை விளக்கும் ஆர்.எஃப்.சி. 9340 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமும், 2024-இல் பயன்பாட்டுச் சூழல்களை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 9583-உம் வெளியாயின. நெட்வொர்க் பொறியாளர்கள் படிக்கும்படி எழுதப்பட்டவை அவை.

இந்தியாவில் இதற்கு இடம் உண்டா?

உண்டு. 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் கீழ் குவாண்டம் தொடர்புக்கான மையம், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட்டுடன் இணைந்து சென்னை ஐ.ஐ.டி.யில் அமைக்கப்பட்டுள்ளது.

நாளைக்கே தொடங்க வேண்டுமென்றால் எதில் தொடங்குவது?

முதலில் காகிதத்தில் தொடங்குங்கள். ஒரு நண்பரை எதிரே உட்கார வைத்து, இரண்டு நாணயங்களோடு, மேலே காட்டிய எட்டுப் பிட் பரிமாற்றத்தை இருபது பிட்டுக்கு நீட்டிச் செய்து பாருங்கள். பிறகு மூன்றாவது ஒருவரை நடுவில் ஒட்டுக்கேட்க விட்டு, பிழைகளை எண்ணுங்கள். அதன் பின் அதையே பைத்தானில் எழுதுங்கள்; க்யூபிட் நூலகம் எதுவும் இல்லாமல் ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும். கேஸ்கேடை அதன் மேல் சேர்த்து, பத்தாயிரம் பிட்டில் 3 சதவீதப் பிழையைத் தூவி, வெளியிட்ட ஒற்றை இரட்டை விடைகள் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் சாவியை எவ்வளவு சுருக்க வேண்டும் என்று கணக்கிடும்போது அந்த எண் தேவைப்படும்.